‘லீவ்ஸ்’ என்று எழுதினேன்

அம்மாவின் வேலைக்கு உலை வைத்தது நான் எழுதிய ஒரே ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்.

கேகாலை ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன். ஒரு மாதம் ரப்பர் பால் வெட்டப் போக முடியாது. யட்டியாந்தோட்டையில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறவள் என்ற திமிரில் தோட்டத்து ஆபீசுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். தமிழில் எழுதினால் என் கௌரவம் குறைந்துவிடுமே! ‘கிருஷ்ணகுமாரி லீவ்ஸ் வேர்க் ஃப்ரம் மண்டே.’ திங்கள் முதல் லீவு போடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, வேலையை விட்டே போகிறார் என்று எழுதித் தொலைத்திருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து இன்று காலை அம்மா வேலைக்குப் போனால், வேலையாட்களின் பெயர்ப் பதிவான செக்ரோலில் பெயர் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் தோட்டம் தந்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டுமாம்.

தோட்டத்து மேனேஜரான துரையின் மேசைக்கு முன்னால் போய் நின்றோம். பெரிய கிளாக்கர் இந்திரகுமார் என் கடிதத்தை நீட்டிக் காட்டினார். மேல் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.

“ஒங்க மகதானே எழுதினா? வேலைய விட்டுப் போறதா தெளிவா இருக்கே.”

“லீவுன்னுதான் சேர் எழுத நெனச்சேன்,” என்றேன் துரையிடம். “டிக்சனரியில பாத்தேன், அது ரெண்டு வேற சொல்லு. நாங்க போடுற லீவுக்கு அனுமதின்னு அர்த்தம். விட்டுப் போற லீவுக்குக்கூட ஆதியில ‘இருக்க விடு’ன்னுதான் அர்த்தமாம்.”

“ஆதிகாலத்து அர்த்தமெல்லாம் இங்கே செல்லாது,” என்றார் துரை சிங்களத்தில்.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் மனசு வரவில்லை. ஆத்திரத்தில் கிளாக்கரின் கையிலிருந்த கடிதத்தை வெடுக்கென்று பிடுங்கினேன். அவர் விரல் மறைத்திருந்த மூலையில், பச்சை மையில், துரையின் கையெழுத்து: ‘லீவ் கிராண்டட்.’

“லீவு தந்தாச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க சேர். வேலைய விட்டுப் போறவங்களுக்கு எதுக்கு லீவு?”

துரை கடிதத்தை வாங்கித் தன் எழுத்தைப் படித்தார். பிறகு கிளாக்கரை ஒரு பார்வை பார்த்தார். அவர் வியர்த்து வழியச் செக்ரோலைத் திறந்து அம்மாவின் பெயரை எழுதினார்.

வெளியே வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மன்னிச்சிரும்மா,” என்று அழுதேன்.

“அது என்னமோ சொன்னியே, ஆதியில என்ன அர்த்தம்?”

“இருக்க விடு.”

அம்மா லயத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

“இந்த மண்ணுக்கு வந்து எரநூறு வருஷமா அதத்தானே கேக்குறோம்,” என்றார்.