குறை தீராத படம்

என் அம்மாவை ஆமை என்று சொன்னவனுக்கு நான் ஐந்து மாதம் உபகாரம் செய்தேன். உபகாரம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கருத்து எழுதுவது எப்படி என்று கத்தரியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று குழுவின் நிர்வாகி ஒரு பதிவே போட்டார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தேன். எல்லோரும் பழம் நன்றாயிருக்கிறது என்றார்கள்.

கத்தரி என்பது அந்தக் குழுவில் எனக்குள்ள பெயர். வரைகிறவர்கள் ஆறாயிரம் பேர் சேர்ந்திருக்கும் இணையக் குழு அது. சொந்தப் பெயரில் யாரும் இல்லை. பிழைப்புக்கு நான் சீருடை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். நாற்பது அடுக்குத் துணியை மேஜையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, ஒரே இழுப்பில் வெட்டுகிற வேலை. ஒரு ஆள் வாசலில் நுழையும்போதே எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, முதுகு எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்று என் கண் அளந்துவிடும். அளக்க வேண்டாம் என்று நினைத்தாலும் நிற்காது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்ததைப் பென்சிலில் வரைந்து அந்தக் குழுவில் போட்டேன். நான் போட்ட முதல் படம். அம்மாவும் தையல்காரிதான். முப்பது வருஷம் மெஷினில் குனிந்து குனிந்து கழுத்து தோளுக்குள் இறங்கிப்போயிருந்தது. நான் அதை அப்படியே வரைந்திருந்தேன். யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையில் அம்மா என் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். நாலாவதாக வந்த கருத்தை அவளே வாய்விட்டுப் படித்தாள்.

"இது அம்மாவா, ஆமையா? கழுத்தை உள்ளே இழுத்துக்கிட்டாங்களே, யாராவது பயமுறுத்தினீங்களா?"

எழுதியவன் பெயர் வெள்ளைத்தாள். அவன் அதுவரை ஒரு படம்கூடப் போட்டதில்லை. அதனால் அவனே தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. வரையத் தெரியாது, வரைகிறவர்களைக் கிழிக்க மட்டும் தெரியும். முந்நூறு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். அம்மாவும் சிரித்தாள். "சரியாத்தானே சொல்லியிருக்கான்" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பட்டாணிக்குத் திரும்பினாள். அன்று சாயங்காலம் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டாள். வெயில் காலத்திலும் அவிழ்க்கவில்லை. அதன்பிறகு நான் பென்சிலை எடுத்தால் ஏதாவது வேலை இருப்பதாக எழுந்து போய்விடுவாள். இரண்டு வருஷம் கழித்து இறந்துபோனாள். அந்த இரண்டு வருஷத்தில் நான் ஒரு கோடு போடவில்லை. அவள் போன பிறகும் போடவில்லை. ஆனால் குழுவை விட்டு மட்டும் விலகவில்லை. அவன் எழுதுவதை ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். இந்த வருஷத் தொடக்கத்தில் வெள்ளைத்தாள் தன் முதல் படத்தைப் போட்டான். அவனுடைய அம்மாவின் படம்.

பிரம்பு நாற்காலியில் ஒரு வயதான அம்மாள், பின்னால் பச்சைச் சுவர், இடது பக்கத்திலிருந்து வெளிச்சம். எண்ணெய் வண்ணம். பக்கத்திலேயே, பார்த்து வரைந்த புகைப்படத்தையும் போட்டிருந்தான். அது குழுவின் வழக்கம். நான் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். படத்தில் அத்தனை தப்பு இருந்தது. எனக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி இருந்தது.

கேலி செய்ய முடியாது. பழைய நிர்வாகி போய்ப் புதியவர் வந்ததிலிருந்து சட்டம் கடுமை. குறை சொன்னால் அதைச் சரிசெய்யும் வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரைந்தவர் திருத்திப் போட்டதும், குறை சொன்னவரே வந்து கீழே 'தீர்ந்தது' என்று எழுத வேண்டும். எழுதும்வரை அது முடிந்த படமாகக் கணக்கில்லை. இந்தச் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் எனக்கு யோசனை வந்தது. ஒரு வரியில் அடித்துவிட்டுப் போனால் அவனுக்கு ஒரு நாள் வலிக்கும். நான் சொல்லும் குறை ஒவ்வொன்றும் நிஜமாக இருந்து, ஒவ்வொன்றுக்கும் வழியும் சொல்லி, ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை எடுத்தால் அவனால் மறுக்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது.

முதல் ஞாயிறு தோளைப் பற்றி எழுதினேன். "நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அழகு. ஆனா அம்மா இடது கையை ஊன்றி உட்கார்ந்திருக்காங்க. அப்போ இடது தோள் மேலே ஏறும், வலது தோள் ரெண்டு விரல் இறங்கும். நீங்க ரெண்டையும் சமமா வச்சிருக்கீங்க, அதான் நாற்காலியிலே ஒட்ட வச்ச மாதிரி தெரியுது. கண்ணாடி முன்னாடி நீங்களே அப்படி உட்கார்ந்து பாருங்க." ஏழு நாளில் திருத்திப் போட்டான். 'தீர்ந்தது' என்று எழுதிவிட்டு, கையோடு ரவிக்கைத் துணிக்குப் போனேன். துணி தொங்குகிற இடத்தில்தான் மடிப்பு விழும், இழுபடுகிற இடத்தில் விழாது, முழங்கைக்கு மேல் போட்டிருக்கும் நாலு மடிப்பையும் எடுத்துவிடுங்கள் என்றேன். அதையும் செய்தான். அடுத்தது நிழல். கறுப்பைக் கலந்து நிழல் போட்டால் முகம் அழுக்காகத் தெரியும், பின்னாலிருக்கும் சுவரின் பச்சை கன்னத்தில் கொஞ்சம் விழுகிறது பாருங்கள் என்றேன்.

அந்த மூன்றாவது கருத்துக்குக் கீழேதான் அவன் விஷயத்தை எழுதினான். அம்மாவுக்குக் கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, இன்னும் மூன்று நாலு மாதம்தான் பார்வை இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதற்குள் படத்தை முடித்து அம்மாவுக்குக் காட்ட வேண்டும், அதற்காகத்தான் தைரியமாக இறங்கினேன், விடாமல் சொல்லுங்கள், நன்றி.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, சந்தோஷம்தான் வந்தது. என் அம்மாவை மறுபடி வரைய முடியாமல் செய்தவன், தன் அம்மாவிடம் படத்தைக் காட்ட முடியாமல் நிற்கட்டும்.

பட்டறையில் எனக்குப் பக்கத்து மேஜை காஜா அக்காவுடையது. பொத்தான் துளை போடும் மெஷினில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருப்பவள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்வேன், இதையும் சொன்னேன். முடியாத படத்தைக் காட்டினால் என்ன, பெற்றவள் வேண்டாம் என்றா சொல்வாள் என்று அவள் கேட்டாள். காட்ட மாட்டான் என்றேன். ஆயுசு பூரா அடுத்தவன் படத்தில் நொட்டை சொன்னவன் நொட்டையுள்ள படத்தைத் தன் அம்மாவிடம் எப்படிக் காட்டுவான்? அவனை அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தம்மா உன்னை என்னடி பண்ணாங்க?"

"எங்கம்மா மட்டும் அவனை என்னக்கா பண்ணாங்க?"

அவள் மெஷினை மறுபடி ஓட்ட ஆரம்பித்தாள்.

ஞாயிறு தவறாமல் எழுதினேன். புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு நூலிழை விடாமல் பார்த்தேன். மோதிர விரல் மூட்டு வீங்கியிருக்கிறது, அந்த மோதிரம் கழற்ற வராத மோதிரம், நீங்கள் வரைந்தது சுலபமாகக் கழன்றுவிடும் என்று எழுதினேன். நெற்றி முடி வெள்ளை இல்லை, சாம்பலுக்குள் இரண்டு இழை மட்டும் இன்னும் கறுப்பாக அடம்பிடிக்கிறது என்று எழுதினேன். சிரிப்பை அடக்குகிறவர்களுக்கு ஒரு பக்க உதடுதான் உள்ளே போகும் என்றும், அது வலது பக்கம் என்றும் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் அவனுக்கு ஒரு வாரம், பத்து நாள் போயிற்று. எண்ணெய் வண்ணம் காயவே நாளாகும். படம் நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டு வந்தது. அது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் காலம் போய்க்கொண்டிருந்தது, அதுதான் எனக்கு வேண்டும்.

நாலாவது மாத முடிவில் எனக்குச் சொல்லக் குறை இல்லாமல் போயிற்று. அவன் அநேகமாக முடித்துவிட்டான். அடுத்த ஞாயிறு 'தீர்ந்தது' என்று நான் எழுதினால் திங்கட்கிழமை அந்தம்மாள் படத்தைப் பார்த்துவிடுவாள். சனிக்கிழமை முழுக்கப் புகைப்படத்தையும் ஓவியத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அப்போதுதான் கண் கிடைத்தது. முதலிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

"கண்ணை ரொம்பத் தெளிவா வரைஞ்சிருக்கீங்க. ஆனா புகைப்படத்திலே அம்மா உங்களைப் பார்க்கலே. உங்க சத்தம் வர்ற பக்கம் முகத்தைத் திருப்பியிருக்காங்க. அது பார்க்கிற கண் இல்லே, கேட்கிற கண். கருவிழியை ஒரு மயிரிழை விலக்குங்க, அதிலே இருக்கிற வெள்ளைப் பொட்டை எடுத்துடுங்க. இமை தளரணும், புருவம் மட்டும் கவனிக்கணும்."

எழுதியதில் பொய் இல்லை. அதனால்தான் அது அவனை எங்கே போய்க் குத்தும் என்று எனக்குத் தெரிந்தது. ஆறு நாள் அவன் பதிலே போடவில்லை. பிறகு, நீங்கள் சொல்வது சரி, எனக்கு அதைப் பார்க்கத் தைரியம் இல்லை, முயற்சி செய்கிறேன் என்று எழுதினான். கண்ணைச் சுரண்டி எடுத்து மறுபடி வரைந்தான், மறுபடி சுரண்டினான். நாலு வாரம் ஆயிற்று.

அந்த நாலாவது வாரம் படம் வந்தது. மேலே ஒரே ஒரு வரி: "முடிஞ்சது. அம்மாவுக்குப் பார்வை போய் இன்னியோட ஒன்பது நாள்."

நான் 'தீர்ந்தது' என்று எழுதினேன். உடனே, ஐந்து மாதமாக எழுதி வைத்திருந்த கடிதத்தை அவனுக்குத் தனியாக அனுப்பினேன். ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதி, நான் போட்ட படம், அவன் எழுதிய வரி, அம்மா சுற்றிக்கொண்ட துண்டு, எல்லாம் அதில் இருந்தது. வேண்டுமென்றேதான் இழுத்தடித்தேன், உன் அம்மா பார்க்கக்கூடாது என்றுதான் அத்தனையும் எழுதினேன், இப்போது கணக்கு நேராயிற்று என்று முடித்திருந்தேன். அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். உண்மையாகவே நன்றாகத் தூக்கம் வந்தது.

அடுத்த ஞாயிறு காலை பதில் வந்தது.

"தேடிப் பார்த்தேன். எழுதினது நான்தான். எனக்கு ஞாபகம்கூட இல்லே, அதான் இன்னும் கேவலமா இருக்கு. நீங்க செஞ்சதுக்குக் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லே, மன்னிப்புக் கேக்கவும் வாய் வரலே. ஒண்ணு மட்டும் சொல்லணும். அம்மாவுக்கு எழுத்து படிக்க முடியாம போய் ஒரு வருஷம் ஆச்சு. அதனாலே நீங்க எழுதறதையெல்லாம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான்தான் படிச்சுக் காட்டுவேன். கண்ணைப் பத்தி எழுதினீங்களே, அதை ரெண்டு தரம் படிக்கச் சொன்னாங்க. 'என்னை இவ்வளவு நேரம் யாருமே பார்த்ததில்லேடா, உங்கப்பா உட்பட'ன்னு சொன்னாங்க. நான் வரைஞ்ச படத்தை அவங்க பார்க்கலே. நீங்க சொல்லித்தான் பார்த்தாங்க. இன்னிக்கும் காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க, அந்தக் கத்தரி என்ன எழுதியிருக்குன்னு. நீங்க எனக்கு அனுப்பின கடிதத்தைப் படிக்கட்டுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கட்டிலில் வீசினேன். நான் குறிபார்த்து எறிந்த கல்லையெல்லாம் ஒரு கிழவி மடியில் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் அழுதிருந்தால் திருப்தியாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் இன்னும் திருப்தி. படிக்கட்டுமா என்று கேட்கிறான். படி என்று எழுத எனக்கு உரிமை இருந்தது. அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

அரைமணி நேரம் வீட்டுக்குள் நடந்தேன். பிறகு போனை எடுத்து, வேண்டாம் என்று எழுதினேன். பத்து நிமிஷம் பொறுக்கச் சொன்னேன். புகைப்படத்தைப் பெரிதாக்கினேன். பாதத்தைப் பற்றி நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அதில் குறை இல்லாததால் சொல்லவில்லை.

"அம்மா, உங்க பாதத்தைப் பத்திச் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். "வலது பாதம் செருப்பை விட்டு வெளியே வந்திருக்கு. கட்டைவிரல் தரையைத் தொட்டும் தொடாம இருக்கு. யாராவது கூப்பிட்டா உடனே எழுந்துக்கத் தயாரா இருக்கிற கால் அது."

அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. அதை அவனுக்குத் தனியாக எழுதிவிட்டேன். ஆனால் அந்தப் பாதத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா துண்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு வருஷம் என் கண் முன்னால் நடமாடினாள். உன் கழுத்து நீ உழைத்த உழைப்பம்மா, எனக்கு அது அழகு, அதனால்தான் வரைந்தேன் என்று நான் ஒரு நாளும் அவளிடம் சொல்லவில்லை. அந்த இரண்டு வருஷமும் நான் அவனைத் திட்டுவதிலேயே இருந்துவிட்டேன்.