தலைமை எழுத்தர் எழுதத் தொடங்கிய விதம்

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற அன்று, பிரிவு உபசாரக் கூட்டத்தில் எழுந்து நின்று, "ஆறு மாசத்துல என் சுயசரிதை வந்துரும்" என்று அறிவித்துவிட்டார். அவரை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்; டீ வந்த சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தாறு வருட உத்தியோகம், அதில் இருபது வருடம் தலைமை எழுத்தர். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? மகள் வந்து வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியில் எழுதுவதற்கான மென்பொருள் ஒன்றை இறக்கிக் கொடுத்தாள்.

"இலவசம்ப்பா. எவ்வளவு வேணா எழுதலாம்."

"இலவசமா? அப்ப ஏதோ வில்லங்கம் இருக்கு. யார் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது?"

"யாரும் போட வேணாம். 'சம்மதம்'னு ஒரு பட்டன் இருக்கு, அதை அழுத்துங்க."

"படிக்காம சம்மதமா? என் சர்வீஸ்லயே கிடையாது."

உரிம ஒப்பந்தம் முழுவதையும் அச்செடுத்தார். மூன்று நாள் படித்தார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சின்னதாகக் கையெழுத்திட்டு, துளை போட்டுக் கோப்பில் கட்டிவிட்டுத்தான் பட்டனை அழுத்தினார். அதற்குள் மகள் ஊருக்கே போய்விட்டாள்.

திரையில் வெள்ளைத் தாள் வந்தது. முதல் வாரம் முழுக்க ஓரங்களைச் சரிசெய்தார். இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டுமாம், இல்லாவிட்டால் கோப்பில் கட்டும்போது எழுத்து மறையுமாம். எழுத்து எங்கே இருக்கிறது மறைய? அடுத்த வாரம் எழுத்துரு. அதற்கடுத்த வாரம் பக்க எண். இரண்டாம் மாதம் பொருளடக்கம் போட்டார்.

தூசு துடைக்கிற சாக்கில் அதை எட்டிப் பார்த்தேன். இருபத்தேழு அத்தியாயம். ஏழாவது, 'நாற்காலிகள் மாற்றப்பட்ட வரலாறு'. பதினான்காவது, 'ஆவண அறை மாடிக்குப் போன கதை'. ஆவண அறைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. முப்பத்து நான்கு வருடம் கூடவே குடித்தனம் நடத்தின எனக்கு ஒரு வரிகூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. புத்தகம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இந்த மனிதரின் கதையில் நான் இருக்கிறேனா இல்லையா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஐந்தாம் மாதம் பழைய சகாக்கள் தொலைபேசியில் பிடுங்கி எடுத்தார்கள். புத்தகம் என்னாச்சு, புத்தகம் என்னாச்சு. "குளிக்கிறார்னு சொல்லு" என்று என்னை அனுப்புவார். நாளுக்கு நாலு தடவை குளித்தார்.

"ஏங்க, ஒரு வரியாவது எழுதினீங்களா?"

"டிராஃப்ட் வரணும்ல?"

"எங்கேருந்து வரும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் வாழ்நாளில் ஒரு வரி சொந்தமாக எழுதியதில்லை. கீழே இருப்பவர்கள் எழுதிக் கொண்டுவருவார்கள். இவர் சிவப்புப் பேனாவால் அடிப்பார், திருத்துவார், ஓரத்தில் குறிப்பெழுதி மேலே அனுப்புவார். வெறும் தாளில் அடிப்பதற்கு என்ன இருக்கிறது?

மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். யார் எதைத் திருத்தினாலும் சிவப்பில் காட்டுகிற வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறதாம். மறுநாள் காலை அவர் நடக்கப் போனதும் அவர் எழுதுவதுபோல நானே எழுதிவிட்டு, அந்த வசதியை முடுக்கிவிட்டேன்.

'நான் வேலையில் சேர்ந்தது மழைக்காலத்தில். முதல் நாளே தாமதமாகப் போனேன். மேலதிகாரிக்குப் பயந்து அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தேன். என் மனைவியிடம் முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை.'

முதல் மூன்று வரியும் அவரை உசுப்பேற்ற. கடைசி வரி என் மனதிலிருந்து வந்தது. அவர் அதை அடித்துவிட்டுப் 'பொய்' என்று எழுதினாலே எனக்குப் போதும்.

திரும்பி வந்தவர் திரையைப் பார்த்ததும் குதித்தார்.

"எவன் எழுதின டிராஃப்ட் இது? ஒரே தப்பு!"

அந்தக் குரலைக் கேட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு. மழைக்காலம் கோடைக்காலம் ஆகி, தேதியும் நேரமும் ஏறியிருந்தன. 'தாமதமாக' என்பது 'அரை மணி நேரம் முன்னதாக' ஆகியிருந்தது. அலமாரிக்குப் பின்னால் 'ஒளிந்தேன்' என்பதை அடித்து 'ஆய்வு செய்தேன்' என்று போட்டிருந்தார்.

கடைசி வரியில் மட்டும் கை வைக்கவில்லை. பக்கத்தில் ஓரக்குறிப்பு: 'உண்மை. ஏற்கலாம். காரணத்தை விளக்கித் தனி அத்தியாயம் சமர்ப்பிக்கவும்.'

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் 'சமர்ப்பிக்கவும்' என்பதைப் பார்த்ததும் கோபம் முந்திக்கொண்டது.

"நான் எப்படிங்க விளக்கம் குடுக்கிறது? பேசாம இருந்தது நீங்க. நீங்களே எழுதுங்க."

"டிராஃப்ட் இல்லாமயா?"

"இல்லாமதான்."

சமையலறையில் பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு விசை தட்டும் ஓசை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

டீ கொண்டுபோனபோது திரையைக் கையால் மறைத்தார். விரல் இடுக்கில் 'அத்தியாயம் 28' என்பது மட்டும் தெரிந்தது. ஓரம் சரிசெய்யவில்லை, பக்க எண் போடவில்லை. தொலைபேசி மணி அடித்தது.

"குளிக்கிறார்னு சொல்லட்டுமா?"

"வேணாம்," என்றார், திரும்பிப் பார்க்காமல். "எழுதுறார்னு சொல்லு."