வைரக்கண்ணு பேரில்

பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராமாயி பாதியில் நிறுத்தி, "அம்சவல்லி, போன் அடிக்குது பாரு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழத் தொடங்கினாள்.

அம்சவல்லிக்குத் திக்கென்றது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை, பத்து மணி. சென்னையிலிருந்து பாத்திமா டாக்டர். விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்ட மாமனார் வைரக்கண்ணுவைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார். ஆனால் அந்த டாக்டர் வைரக்கண்ணுவின் முகத்தை இதுவரை பார்த்ததே இல்லை.

ரத்த அழுத்தக்காரர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி என்று ஊருக்குள் வந்தவர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பாதிப் பேர் போனிலேயே டாக்டரைப் பார்க்க வேண்டும். பாதிப் பேர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எது மேல் என்று கடைசியில் ஒப்பிடுவார்களாம். வைரக்கண்ணுவுக்குப் போன் விழுந்தது. பெரிய தெரு பஞ்சநதத்துக்கு பஸ் விழுந்தது. பஞ்சநதத்தின் முட்டி பஸ் படி ஏறாது. வைரக்கண்ணுவுக்கோ ஜன்னலோர சீட்டும் பஸ் ஸ்டாண்டு டீயும் உயிர்.

பஞ்சநதத்தின் நிலத்தை வைரக்கண்ணு குத்தகைக்கு உழுததில் வந்த தாவாவில் முப்பது வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருநாள் வாய்க்கால் கரையில், நடுவில் அம்சவல்லியை நிறுத்திக்கொண்டு பேசினார்கள்.

"தண்ணி முறையை மாத்திக்கிறாப்புல இதையும் மாத்திக்கலாம்னு அவருகிட்ட சொல்லு ஆயி," என்றார் வைரக்கண்ணு.

"சரிங்கிறேன்னு அவன்கிட்ட சொல்லும்மா."

அப்படியே நடந்தது. வைரக்கண்ணு பஞ்சநதம் பேரில் பஸ் ஏறியதும் பஞ்சநதம் கொல்லை வழியாக வந்து, வைரக்கண்ணு பேரில் போன் முன்னால் உட்காருவார். சர்க்கரை போடாத காபியைக் குடித்துவிட்டு டம்ளரைச் சுவரோரம் வைத்துப் போவார்; அம்சவல்லிதான் எடுத்துக் கழுவுவாள். தஞ்சாவூரிலிருந்து வாங்கி வந்த முட்டித் தைலம் ஒன்று நாற்காலியில் இருக்கும். யார் வைத்தது என்று அவர் கேட்டதில்லை.

நேற்று ராத்திரி மாமனார் கடைசியாகச் சொன்னதும் அதுதான். "நாளைக்கு நான் முத பஸ்ஸுக்குப் போயிடுவேன். அவரு வந்தா காபி குடுத்துடு."

அந்த ஒரு வாக்கையாவது காப்பாற்ற வேண்டும் என்று காலையிலிருந்து அம்சவல்லி தவித்தாள். பஞ்சநதமோ எதிரே மதகில் குடையைப் பிடித்தபடி, தண்ணீர் பார்க்க வந்தவர்போல் நின்றார். கொல்லையில் இன்று கூட்டம். வாசல் வழியாக வந்தாலோ ஊர் பார்க்கும்.

போனை எடுத்தாள். "டாக்டர், மாமா காலையில தவறிட்டாங்க."

"ஐயோ! போன மாசம்கூட பிரஷர் நல்லா குறைஞ்சிருந்துச்சே!" டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். திரையை உற்றுப் பார்த்தார். "அம்மா, உங்களுக்குப் பின்னால வர்றது யாரு?"

அம்சவல்லி திரும்பினாள். போன் மணி கேட்டால் வந்துவிடும் பழக்கம் பஞ்சநதத்தை வாசல் வழியாகவே உள்ளே இழுத்து வந்திருந்தது.

"வைரக்கண்ணு ஐயா! நீங்க செத்துட்டீங்கன்னு சொல்றாங்களே!"

ஒப்பாரி நின்றது. மூங்கில் பிளந்தவன் அரிவாளை ஓங்கியபடி நின்றான்.

போனைக் கண்டதும் பஞ்சநதத்தின் கைகள் தாமாகக் குவிந்தன. "வணக்கம் டாக்டரம்மா. பிரஷர் இன்னிக்கு இன்னும் பாக்கலை."

ராமாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது அழுகையால் அல்ல.

"நான் வைரக்கண்ணு இல்லம்மா," என்றார் பஞ்சநதம், ஊர் கேட்க. "வைரக்கண்ணு அந்தா படுத்திருக்காரு. நான் பஞ்சநதம். அவரு பேர்ல நான் உங்ககிட்ட, என் பேர்ல அவரு ஆஸ்பத்திரியில. முறை மாத்திக்கிட்டோம்."

"அதெப்படிங்க மாத்தலாம்? போன்ல பாக்குறது மேலா, நேர்ல பாக்குறது மேலான்னு நான் இப்ப என்னத்தை எழுத?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதிக்குங்க. எனக்கும் குறைஞ்சுது, அவருக்கும் குறைஞ்சுதாம். அம்சவல்லி சொல்லிச்சு."

டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அம்மா, போனை அந்த ஐயா பக்கம் திருப்புங்க. ஒரு தடவை பாத்துக்கிறேன்."

நெற்றி நிறைய திருநீற்றோடு கிடந்த அந்த முகத்துக்கு நேரே அம்சவல்லி போனைப் பிடித்தாள். திரையில் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அம்சவல்லி கேட்குமுன்னே ராமாயி எழுந்து தன் வீட்டிலிருந்து காபி போட்டுக் கொண்டுவந்தாள். "சர்க்கரை போட்டுட்டியா?" என்று அம்சவல்லி பதறினாள். "இல்லடி. மாசாமாசம் எங்க கொல்லை வழியாத்தானே வந்தாரு. எனக்குத் தெரியாதா?"

வைரக்கண்ணுவின் தலைமாட்டில் உட்கார்ந்து பஞ்சநதம் நிதானமாகக் குடித்தார். அம்சவல்லி கையை நீட்டினாள். அவர் டம்ளரைக் கொடுக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குழாயடியில் தானே கழுவி, பலகையில் இருந்த வைரக்கண்ணுவின் டம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

ராமாயி மறுபடி ஒப்பாரியை எடுத்தாள்.