முதல் மாடியில் மெர்சியின் முகம்

ஸ்கூட்டரை நிறுத்திய மெர்சி ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்துபோனாள்.

சோமனூரில் மில் ஓனர் சசிதர் கட்டிய புது வீடு அது. முதல் மாடி சன்ஷேடுக்குக் கீழே, வெள்ளைப் பூசணிக்காய்க்கும் எலுமிச்சை மிளகாய்ச் சரத்துக்கும் நடுவில், அவள் வரைந்த ஓவியம் ரோட்டைப் பார்த்தபடி தொங்கியது. கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

கியூபிச பாணியில் வரைந்த முகம். பச்சை மூக்கு ஒன்று பக்கவாட்டில், காவி மூக்கு ஒன்று நேராக. ஒரு கண் நீலம், இன்னொன்று வெறும் முக்கோணம். திருவிழா முகமூடியை உடைத்து அவசரத்தில் ஒட்டியதுபோல இருக்கும். போன வருஷம் கோவையில் நடந்த கண்காட்சியில் சசிதர் அதை வாங்கினான். இப்போது அது டெல்லிக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருந்தது. மெர்சிக்கு டெல்லி இதுதான் முதல் தடவை. மதியம் பீளமேட்டிலிருந்து ஓவியங்களை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்புகிறது.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. புது ஊட்லதான் வச்சிருக்கேன்" என்று போனில் சொன்ன சசிதர், மிஷின் பார்க்க ஜெர்மனிக்குப் பறந்துவிட்டான். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

கீழே மேஸ்திரி அழகிரிசாமி வைக்கோலைக் குவித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, அது எதுக்குங்க அங்க தொங்குது?"

"திருஷ்டி பொம்மைங்க அம்மணி. அம்மா நாலு கடை ஏறி எறங்குனாங்க, எந்தப் பொம்மையும் பயமா இல்லீனாங்க. உள்ள இதப் பிரிச்சுப் பாத்துட்டு, என்ற மவன் எவ்வளவு நல்ல பொம்மை வாங்கியாந்திருக்கான்னு ஒரே சந்தோசம்."

"இந்த வைக்கோலு?"

"நாளைக்குக் கிருகப்பிரவேசமுங்க. பொம்மைய இன்னிக்கே எறக்கி எரிச்சுப்போடோணும்."

மெர்சி அவசரமாக சசிதருக்கு போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப்.

பட்டுச்சேலை சரசரக்க ராமாமணி வெளியே வந்தார். சசிதரின் அம்மா. கையில் கற்பூரத் தட்டு. மெர்சி மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னாள்.

"படமா இது? வெளையாடாத கண்ணு. நாக்கு ஒண்ணுதான் கொறை. யாரு மூஞ்சி இது?"

இந்தக் கேள்வியை மெர்சியிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். 'யாருமில்லை, ஒரு முகமூடி' என்பதுதான் அவள் வழக்கமான பதில். இன்று அந்தப் பதிலைச் சொன்னால் படம் வைக்கோலில்தான் போய் விழும்.

"என்ற மூஞ்சிதானுங்கம்மா."

ராமாமணி அவளையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்கு ரெண்டு மூக்கா?"

"உங்க ஊட்டு பிளான்ல மேல இருந்து பாத்த படமும் முன்னாடி பாத்த படமும் ஒரே தாள்லதானுங்களே இருக்கும்? அதேதானுங்க இதுவும்." மெர்சி பக்கவாட்டில் திரும்பி நின்றாள். பிறகு நேராக.

"அட, ஆமாங்க!" என்றார் மேஸ்திரி. "மோவாய் அப்படியே இந்தப் புள்ளதானுங்க."

"மோவாய் கெடக்கட்டும். நீ கறுப்பு. இது பச்சையால்ல இருக்குது?"

"எல்லாரும் மொதல்ல என்ற நெறத்தத்தானுங்க பாத்தாங்க. பள்ளிக்கூட நாடகத்துல ராணி வேசம் தரமாட்டீனாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க காப்பியக்கூடக் குடிக்கல. அதான் நெறத்த எடுத்துப்போட்டேன். இப்ப மூஞ்சியத் தேடிப் பாத்துத்தானுங்களே ஆகோணும்?"

ராமாமணி தேடினார். கையை நெற்றியில் குடையாகப் பிடித்து வெகுநேரம் தேடினார். சட்டென்று அவர் முகம் மாறியது.

"ஐயையோ! உசுரோட இருக்கற பொண்ணு மூஞ்சியவா தொங்கவுட்டேன்? உனக்கு ஏதாச்சும் ஆச்சா கண்ணு? காச்ச கீச்ச?"

"ஒண்ணும் ஆகலீங்க. டெல்லிக்குத் தேர்வானதே இந்த மாசந்தானுங்க."

சொன்ன பிறகுதான் தப்பு புரிந்தது. ராமாமணியின் கண்கள் விரிந்தன.

"அப்ப உன்ற திருஷ்டி பூராத்தையும் அது வாங்கிக்கிச்சு! கண்டிப்பா எரிச்சே ஆகோணும். ஏனுங்க மேஸ்திரி, கம்பிய அறுங்க!"

மேஸ்திரி ஏணியில் ஏறினார். கட்டிங் பிளேயர் கம்பியைக் கடித்தது. படம் கீழே இறங்கியது. அதன் நெற்றியில் குங்குமம், காதோரம் மிளகாய்க் கறை. ராமாமணி கற்பூரத்தைப் பற்றவைத்தார்.

சண்டை போட்டால் பயனில்லை என்று மெர்சிக்குத் தெரிந்தது. இந்த அம்மாவை அவர் வழியிலேயே போய்த்தான் மடக்க வேண்டும்.

"ஏனுங்கம்மா, எரிச்சாத்தான் கழியுமுங்களா? எல்லை தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டா?"

"அதுங் கழியும். ஆனா எங்க எல்லைக்குத் திரும்பி வரக்கூடாது."

"டெல்லிங்கம்மா."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ராமாமணி யோசித்தார். "அங்க யாரு பாப்பாங்க?"

"பெரிய பெரிய ஆளுகளெல்லாம் வந்து பாப்பாங்க."

"பாக்கட்டும். அவங்க கண்ணும் சேத்து அதுமேலயே படட்டும்." தட்டைக் கீழே வைத்தார். "ஆனா ஒண்ணு. அது மறுபடி இந்த ஊட்டுக்கு வரப்படாது. என்ற மவங்கிட்ட நாஞ் சொல்லிக்கறேன். உன்ற மூஞ்சி, நீயே வச்சுக்க."

விற்ற படம் இப்படித் திரும்பி வரும் என்று மெர்சி எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மேஸ்திரி படத்தை ஸ்கூட்டரின் பின்சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினார், முகம் பின்பக்கம் பார்த்தபடி.

"திருஷ்டி கொண்டுபோறவங்க திரும்பிப் பாக்கக்கூடாது, ஆமா!" என்று ராமாமணி கேட்டிலிருந்து கத்தினார்.

"சரிங்கம்மா!"

அவிநாசி ரோடு சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் நின்ற டவுன் பஸ்ஸின் டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. கியர் போட மறந்து, எதிரே இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னாலிருந்த வண்டிகள் எல்லாம் அலறின.

மெர்சி திரும்பவில்லை. பீளமேட்டில் வேன் இன்னும் நின்றிருந்தது.