வாய்கட்டிச் சமைத்த பெட்டிஸ்

நல்லது செய்யப்போய் நாசமாய்ப் போனவர்கள் இந்த உலகத்தில் கொஞ்சநஞ்சமா? அந்தக் கூட்டத்தில் நம்ம ஜீவராணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பன்னிரண்டு வருஷம் கொழுந்து பறித்தவள் அவள். அட்டைக்கு ரத்தம் கொடுத்தது போதுமென்று ஒருநாள் கூடையை இறக்கி வைத்தாள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் குசினியிலேயே கிழங்கு மசாலா அடைத்த மரக்கறி பெட்டிஸ் பொரித்து, பதுளை டவுனில் நௌபர் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். புருஷன் சுரேஸ் அன்றைக்கே கெடு வைத்துவிட்டான்.

"ஒரு வருஷம் பாரு. சரிவரலேன்னா பேசாம மறுபடி பெரட்டுல வந்து பேரு குடு."

விடிகாலையில் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று, எந்த மலைக்குப் போவதென்று கங்காணி சொல்வதைக் கேட்கும் அந்த வாழ்க்கைக்குத் திரும்புவதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது ஜீவராணிக்கு.

கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது நோன்பு வந்தது. நௌபர் நானா கூப்பிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல நோன்பு திறக்கிற செலவு என்னோடது. முந்நூறு பெட்டிஸ் வேணும். லயத்துச் சாப்பாடான்னு மூஞ்சி சுளிக்கிறவங்களும் வருவாங்க. அவங்க வாயை உங்க பெட்டிஸ்தான் மூடணும். மூடிட்டா, பெருநாளைக்குப் பொறகு என்னோட பண்டாரவளைக் கடைக்கும் நீங்கதான்."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சுரேஸின் தங்கச்சி ஜெயந்தினியைக் கூட்டு வைத்துக்கொண்டாள். புதுச் சட்டி, புது எண்ணெய் வாங்கினாள், வீடு வாசலெல்லாம் கழுவினாள். அதோடு விட்டாளா மகராசி? இல்லை. இரண்டு வெள்ளைத் துணியைக் கிழித்து எடுத்தாள்.

அவர்கள் தோட்டத்து முருகனுக்கு வாய்கட்டித்தான் படையல் சமைப்பார்கள். கதிர்காமத்தில் பூசை செய்கிறவர்கள் வாயைக் கட்டிக்கொள்வதைப் பார்த்து வந்த வழக்கம். சமைத்து முடிக்கும்வரை பேச்சு கிடையாது. ருசி பார்த்தால் எச்சில்.

"பள்ளிக்குத்தானே அண்ணி? நம்ம கோயிலுக்கா?" என்று ஜெயந்தினி கேட்டாள்.

"பகல் முழுக்கத் தண்ணி கூடக் குடிக்காம சாமிய நெனச்சவங்க வாய்க்குப் போறதுடி. அது படையல் இல்லாம வேற என்னா? கட்டு வாயை."

மற்ற நாளென்றால் ஜெயந்தினியின் வாய் ஓயாது. "அண்ணி, மஞ்சள் போட்டாச்சா, உப்புப் போட்டாச்சா" என்று உயிரை வாங்குவாள். அன்றைக்குக் குசினியில் எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும்தான். வாசனைக்கு எட்டிப்பார்த்த சுரேஸ் ஒன்றை எடுக்கக் கை நீட்டினான். பளாரென்று கையில் ஒரு அடி விழுந்தது. அவன் மட்டும் அதைத் தின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. விதி யாரை விட்டது!

முந்நூறும் பொன்னிறமாய் ஆட்டோவில் ஏறிப் போயின. அன்றைக்கு ராத்திரி ஜீவராணி நிம்மதியாகத் தூங்கினாள், பாவம்.

மறுநாள் பத்து மணிக்குக் கடைக்குப் போனாள். நோன்பு என்பதால் பாதிக் கதவு சாத்தியிருந்தது. நானா அவளுடைய பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். முக்கால்வாசி மிஞ்சியிருந்தது. பல பெட்டிஸில் ஒரே ஒரு கடி.

"என்னா நானா?"

"தின்னு பாருங்க."

"நீங்க நோன்பு. உங்க முன்னாடி எப்பிடி..."

"நான்தானே நோன்பு? நீங்க தின்னுங்க."

கடித்தாள். கடலையே வாயில் கவிழ்த்த மாதிரி உப்பு. அவர் முன்னால் துப்பவும் முடியாமல், கண்ணில் தண்ணீர் வர விழுங்கினாள். கிழங்கு அவிக்கும்போது உப்புப் போட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தாளிக்கும்போது ஜெயந்தினியும் போட்டிருக்கிறாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இரண்டுதடவை உப்பிட்டவளைப் பதுளையே நினைக்குமே!

வாய் கட்டியதை, ருசி பார்க்காததை, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். நானா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என் பொஞ்சாதி நோன்போடதான் தினமும் ஆக்குறா. நாக்கு நுனியில உப்புப் பார்த்துட்டுத் துப்பிருவா. ஆக்குறவங்களுக்கு அதுக்கு மார்க்கத்துல இடம் ஈக்குது. ஒரு வார்த்த என்கிட்டக் கேட்டிருக்கலாமே தங்கச்சி. அங்க பசியோட உக்காந்திருந்தது சாமி இல்ல, மனிசர்."

"அடுத்த தரம் நானா..."

"பெருநாள் முடியட்டும். பார்ப்போம்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வியாபாரி வாயிலிருந்து வரும் "பார்ப்போம்" என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வரும்வரை அழுதாள். வீட்டில் சுரேஸ் சத்தம்கூடப் போடவில்லை.

"இனி கெடு பார்த்து என்னா? கங்காணிகிட்டச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை வந்து நில்லு."

திங்கள் விடிவதற்கு முன்பே ஜீவராணி எழுந்து கிழங்கை அடுப்பில் ஏற்றினாள். ஜெயந்தினி பயந்துபோய் மூலையில் நின்றாள். வாயைக் கட்டாமலே பேச்சு நின்றுவிட்டிருந்தது அவளுக்கு. ஜீவராணி ஒரு கரண்டி மசாலாவை எடுத்துத் தன் நாக்கில் வைத்தாள். அப்புறம் ஜெயந்தினி வாயில் ஒரு கரண்டி திணித்தாள்.

"சொல்லுடி."

"சரியா இருக்கு அண்ணி," என்று ஜெயந்தினி விம்மினாள்.

சுரேஸ் சொன்னபடியே அவள் பெரட்டுக்குப் போனாள். அன்றைக்கு வாயில் கட்டிய அதே வெள்ளைத் துணியைத் தலையில் கட்டி, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டியிருந்தாள். கூடைக்குள் நாற்பது பெட்டிஸ், மூடி போட்ட வாளியில் சூடாக இருந்தது. செய்தி அவளுக்கு முன்பே எட்டு லயத்துக்கும் போயிருந்தது. முன்வரிசையில் நின்ற வேலாயி சிரித்தாள்.

"என்னாடி ஜீவராணி, உப்பளத்தோட வந்துட்டியா?"

களமே சிரித்தது. சுரேஸ் தலையைக் குனிந்துகொண்டான். ஜீவராணிக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் கூடையை இறக்கி, வாளியைத் திறந்தாள்.

"பெட்டிஸ்! சூடா பெட்டிஸ்! உப்புப் பார்த்தது!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ஒருத்தரும் அசையவில்லை. அவளே ஒன்றை எடுத்து, எல்லோரும் பார்க்கக் கடித்தாள். முதல் ஆள் வரும்வரை மென்றுகொண்டே நின்றாள்.