கருங்குட்டைக்குப் போன சொகுசுக் கார்

ஒடுகத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை ஆட்டி எண்ணெய் எடுக்கும் மில் வைத்திருக்கும் ஜீவானந்தத்துக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் பாலைவனம் தேவைப்பட்டது. ராஜஸ்தான் மணல்மேடுகளில் கார்கள் எகிறிப் பாயும் பந்தயத்தைப் போனில் பார்த்தார். மறுநாளே தன்னுடைய நாற்பது வருடப் பழைய ஜெர்மன் சொகுசுக் காரைக் கொண்டுபோய்ச் செந்தாமரையின் பட்டறை முன்னால் நிறுத்தினார். செந்தாமரை டிராக்டரும் நெல் அறுக்கும் மிஷினும் பழுது பார்ப்பவள். வெல்டிங் வேலையில் அந்தப் பக்கம் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"இத்த மணல்ல ஓட்ற மாதிரி பண்ணிக் குடும்மா."

அவள் காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "இன்னாங்க மொதலாளி, மில்லு வாசல்ல கீற ஸ்பீடு பிரேக்கர்லயே இதுக்கு அடி வயிறு இடிக்குமே."

"அதான் ஒன்னாண்ட வந்தேன்."

நாலு மாதம் வேலை நடந்தது. ஸ்பிரிங்குகளை மாற்றிக் காரை ஒன்பது அங்குலம் தூக்கினாள். ஜீப் டயர் உள்ளே நுழைய வேண்டுமென்று சக்கரத்துக்கு மேலிருந்த தகட்டை வெட்டினாள். அன்றைக்கு ஜீவானந்தம் மதியம் சாப்பிடவில்லை. அடியில் கனத்த இரும்புத் தகடு, கூரை வரைக்கும் ஏறும் காற்றுக்குழாய், மேலே எட்டு விளக்கு. எடையைக் குறைக்கலாம் என்று அவள் வாயெடுத்தபோதுதான் தகராறு. வெல்வெட் சீட்டைத் தொடக்கூடாது. மரப்பலகை பதித்த டேஷ்போர்டைத் தொடக்கூடாது. பின்சீட்டு ஜன்னல் திரையைக் கழற்றவே கூடாது.

"பந்தயத்துக்குப் போறீங்களா, மாமியார் வூட்டுக்குப் போறீங்களா?"

"பாலைவனத்துல வெயில் அடிக்குமே, திரை வாணாமா?"

வேலூர்ப் பக்கம் பாலைவனம் இல்லாததால் வெள்ளோட்டத்தை ஜவ்வாது மலையில் வைத்தார்கள். மேலே கருங்குட்டை என்று நாற்பது வீட்டு ஊர். கடைசி ஆறு கிலோமீட்டர் பாறையும் ஓடையும்தான். ஜீப்பே பாதியில் நின்றுவிடும். செந்தாமரை ஓட்டினாள். ஜீவானந்தம் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டபடி வந்தார். அவருடைய அக்கா மகன் இளவரசன் பின்னால் நடந்து வீடியோ எடுத்தான். கார் அவன் நடைக்கு மேல் ஒரு தடவைகூடப் போகவில்லை.

மூன்று மணி நேரம் கழித்து ஊருக்குள் நுழைந்தபோது எல்லோரும் ஓடி வந்தார்கள். அந்த ஊர் பார்த்த முதல் கார் அது. சாமையும் புளியும் விளைவிக்கும் லட்சுமணன் மாலை போட்டார். ஜீவானந்தம் பானெட் மேல் ஏறி நின்று, மனிதன் மனசு வைத்தால் எட்ட முடியாத இடமே இல்லை என்று பேசினார். இளவரசன் மூன்று மணி நேரத்தை மூன்று நிமிடமாக வெட்டி, 'சொகுசுக் கார் சுலபமாக ஏறிய மலைக்கிராமம்' என்று தலைப்பு வைத்துப் போட்டான். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள்.

அடுத்த மாதம் லட்சுமணன் ஒரு காகிதத்தோடு பட்டறைக்கு வந்தார். சாலை கேட்டு ஊர் கொடுத்த மனுவுக்கு வந்த பதில் அது. செந்தாமரை வாசித்தாள். 'மேற்படி கிராமத்துக்குச் சொகுசுக் கார்களே தடையின்றிச் சென்றுவருவது காணொளி வாயிலாகத் தெரியவருவதால், புதிய சாலைக்கான அவசியம் எழவில்லை.'

"பதினோரு வருசமா மனு குடுக்குறோம்மா. பாக்கலாம்னுதான் சொல்லுவாங்க. வாணாம்னு யாரும் சொன்னதில்ல" என்றார் லட்சுமணன். "ஒங்க காரு வந்துட்டுப் போன பொறவுதான் சொல்லிட்டாங்க."

அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒரு நோட்டை எடுத்து, அந்தக் காரில் தான் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள். நாற்பத்து மூன்று வந்தது. கடைசியில், 'இத்தனையும் செய்த பிறகு ஆறு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆனது' என்று எழுதினாள். காரின் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டுமே என்று மில்லுக்குப் போனாள்.

"மொதலாளி, மொதல்லயே சொல்லிட்றேன். இது ஆபீசுக்குப் போனா ஒங்க காருக்கு வம்பு வரும். பர்மிஷன் இல்லாம இவ்ளோ மாத்தக்கூடாது."

ஜீவானந்தம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"இன்னா வம்பு? ஆபீசருங்க அசந்துபோவாங்க. மேல கீற எட்டு லைட்ட வுட்டுட்டியே, அதையும் சேத்துக்கோ."

நாற்பத்து நாலாவதாக அதையும் எழுதினாள். அவள் கேட்காமலே ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் அதிகாரி, லட்சுமணன் நீட்டிய அந்தப் பட்டியலைச் சத்தமாகவே வாசித்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "இவ்ளோ பண்ணாதான் ஒங்க ஊருக்கு வர முடியுமா?" என்று கேட்டார்.

லட்சுமணன் கையைக் கட்டிக்கொண்டு, சிரிக்காமல் சொன்னார். "ஆமாங்க. வூட்டுக்கு ஒண்ணுன்னு நாப்பது காரு இதே மாதிரி பண்ணிக் குடுத்துட்டீங்கன்னா, எங்களுக்கு ரோடு வாணாங்க."

ஒரே பட்டியலுக்கு இரண்டு உத்தரவு வந்தது. காரை அறுபது நாளில் பழையபடி மாற்றாவிட்டால் பதிவு ரத்தாகும் என்பது ஐந்தே நாளில் வந்து சேர்ந்தது. சாலைக்கு அளவெடுக்கச் சொன்ன உத்தரவுக்கு நாலு மாதம் ஆனது.

ஜீவானந்தம் செந்தாமரையோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். காரை டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். அவள் வெட்டிய தகட்டைத் திரும்பப் பொருத்திய அன்றைக்கு மட்டும் தானாக வந்து ஓரமாக நின்றார். தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"போயிருந்தா ஜெயிச்சிருப்பமா?"

அவள் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். "மொத நாளே மணல்ல பொதைஞ்சிருப்போம் மொதலாளி. வெயிட்டு ஜாஸ்தி."

அவர் தலையாட்டினார். அதற்கப்புறம் இருவரும் டீ குடித்தார்கள்.

மாசி மாதம் லட்சுமணன் போன் செய்தார். அளவெடுக்கிறவர்கள் ஓடைக்கரையில் ஜீப்பை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே வந்தார்களாம். வழி நெடுகக் குச்சி நட்டு, சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்களாம்.

"ரோடு போட்ருவாங்களா?" என்றாள் செந்தாமரை.

"குச்சி நட்டுக்கீறாங்கம்மா. அதுல யாரும் ஆடு கட்டக்கூடாதுன்னு ஊர்ல பேசி வெச்சிக்கீறோம்."