கை வைக்காத பாதி

பயிற்சி முடித்த அர்த்தநாரிக்கு முதல் வேலை பெருமாட்டி கிராமத்தில் கிடைத்தது. கோயமுத்தூரில் இரண்டு வருஷம் விவசாயம் படித்தவன் அவன். மருதாத்தாள் என்ற விதவையின் நிலக்கடலைக் காட்டை ஆராய்ச்சிக்குக் கேட்டு வாங்கி, சரிபாதியாகப் பிரித்தான். ஒரு பாதியில் கம்பளிப்புழுவின் முட்டைகளை இலையோடு கிள்ளி அழிக்க வேண்டும். மறுபாதியில் யாரும் கை வைக்கக் கூடாது. இரண்டின் விளைச்சலையும் ஒப்பிட்டால் கிள்ளியதன் பலன் தெரியும். அவன் பேச்சை நம்பி மருதாத்தாள் காகிதத்தில் ரேகை வைத்தாள்.

முதல் மழைக்குப் பின் இலைகளின் அடியில் முட்டைகள் தெரிந்தன. தாயும் மகள் பூவாத்தாளும் கிள்ள வேண்டிய பாதியைச் சுத்தம் செய்தார்கள். நான்கு நாளில் மறுபாதி முழுக்கப் புழு பொரித்தது.

"ஏனுங் தம்பி, இந்தப் பக்கமும் பொறுக்கிப் போடட்டுங்களா?" மருதாத்தாள் கேட்டாள்.

"வேண்டாமுங்க அக்கா. தொட்டா ஆராய்ச்சியே கெட்டுப் போயிருமுங்க."

"கோடு போட்டதப் பாத்துப் புழு நிக்குமுங்களா?"

நடுவில் பள்ளம் வெட்டினால் புழு தாண்டாது என்று படித்திருந்தான். ஆனால் திட்டத்தில் பள்ளம் இல்லை. உத்தரவு கேட்டு மேலதிகாரிக்குக் கடிதம் எழுதிப் போட்டான். கடிதத்துக்குக் காத்திருந்தபடி காலைதோறும் செடிக்கு எத்தனை புழு என்று எண்ணிக் குறித்தான். பன்னிரண்டு. முப்பது. அப்புறம் எண்ணுவதற்கு இலையே இல்லை.

கடிதம் போட்ட ஆறாம் நாள் புழுக்கள் சுத்தமான பாதிக்குள் ஊர்ந்தன. அர்த்தநாரி குறிப்பேட்டை வரப்பில் எறிந்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான். மூன்று பேரும் வெட்டினார்கள். உச்சிப்பொழுதில் பள்ளம் புழுவால் நிறைந்தது. விழுந்தவற்றின் மேலேயே மற்றவை நடந்து அக்கரை ஏறின.

மருதாத்தாள் நிமிர்ந்தாள். "போதுமுங்க தம்பி. உட்டுருங்க."

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அப்போது அவள் மொட்டைக் கொடிகளில் மாடுகளை மேய விட்டிருந்தாள்.

"என்னங்க எழுதியிருக்குது?"

"பள்ளம் வெட்டக் கூடாதாமுங்க. எண்ணி மட்டும் அனுப்பச் சொல்றாங்க."

"எழுதுனவங்க நம்ம காட்டப் பாத்திருக்காங்களா?"

"இல்லீங்க அக்கா."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை.

"இங்க வேல முடிஞ்சுதுங்க. அடுத்து எந்த ஊருக்குங்க?"

"தெரியலீங்க. அனுப்பற ஊருக்குப் போகோணும்."

"அங்கயாவது, புழு வந்தா என்ன பண்றதுன்னு மொதல்லயே கேட்டுக்கிட்டுப் போங்க தம்பி."